கண் திறந்த நித்திரை

நித்திரையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்று அதிபர் சொன்னபோது ஆரணிக்குச் சிரிப்பு வந்தது. சுகாதாரம் படிப்பிக்கிற ஆசிரியையின் தலையில் எல்லாம் வந்து விழும். டெங்கு பரவினால் டெங்கு, போதைப்பொருள் பிடிபட்டால் போதைப்பொருள். இப்போது நித்திரை. மருத்துவர்கள் சிலர் சேர்ந்து நாலைந்து பள்ளிக்கூடங்களில் ஒரு திட்டம் தொடங்குகிறார்கள், இளவாலைப் பக்கத்தில் நம்முடைய பள்ளிக்கூடத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள், தரம் பத்துக்கு வாரத்தில் ஒரு பாடவேளை என்று அதிபர் விளக்கினார்.

"நித்திரை கொள்ளுறதுக்கும் படிப்பிக்க வேணுமோ சேர்? என்ரை பாடத்திலை அவை அதைத்தானே செய்யினம்" என்றாள் ஆரணி. அதிபரும் சிரித்தார்.

பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. அங்கே பேசிய இளம் பெண் மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் அவளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதின்ம வயது வந்ததும் உடம்புக்குள் இருக்கிற மணிக்கூடு பிந்தத் தொடங்குகிறதாம். சின்ன வயதில் எட்டு மணிக்கே கண் சொருகின பிள்ளைக்கு இப்போது பத்துப் பதினொன்று ஆனாலும் நித்திரை வராது. அது கள்ளமும் இல்லை, சோம்பலும் இல்லை. அப்படிப் பிந்திப் படுக்கிற பிள்ளை பிந்தி எழும்பினால்தான் உடம்பு கேட்கிற எட்டு, ஒன்பது மணித்தியாலம் நிரம்பும். இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருவரும் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதும் தெரியவில்லை.

முதல் பாடத்தில் பிள்ளைகள் நல்ல உசாராக இருந்தார்கள். பரீட்சைக்கு வராத பாடம் என்றால் அப்படித்தான். கைபேசி வெளிச்சம், பின்னேரத்துத் தேத்தண்ணி, சனி ஞாயிறில் மத்தியானம் வரை படுப்பது என்று எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிட்டு, ஆரணி ஒரு கணக்குக் கொடுத்தாள்.

"எட்டரை மணித்தியாலம் எண்டு வைப்பம். நீங்கள் எழும்புற நேரத்திலை இருந்து பின்னுக்கு எண்ணிப் பாத்து, எத்தினை மணிக்குப் படுக்க வேணும் எண்டு சொல்லுங்கோ."

லவீனா என்ற பிள்ளை எழும்பினாள். மெல்லிய, கண்ணாடி போட்ட பிள்ளை. "நான் ஏழரைக்குப் படுக்க வேணும், ரீச்சர்."

வகுப்பு சிரித்தது.

"ஏழரைக்கோ? ஏன்?"

"காலமை நாலுக்கு எழும்பினால்தான் அஞ்சரைக்கு மருதனார்மடத்திலை நிக்கலாம். கணித வகுப்பு இருக்கு."

"ஆற்றை வகுப்பு?" என்று ஆரணி யோசிக்காமல் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் வகுப்பு அடங்கியதைக் கவனித்தாள். பின்னால் வாங்கில் இருந்த ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஜெயதீபன் சேரின்ரை, ரீச்சர்" என்றாள் லவீனா, மேசையைப் பார்த்துக்கொண்டு.

ஜெயதீபன் ஆரணியின் கணவன். அவனுடைய ரியூசனுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்டாள். பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது.

அன்று மத்தியானம் வீட்டில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கதையைத் தொடங்கினாள். ஜெயதீபனுக்குக் காலை வகுப்புக்கும் பின்னேர வகுப்புக்கும் இடையில் கிடைக்கிற ஆறுதல் அந்த நேரம்தான்.

"இஞ்சேருங்கோ, உங்கடை அஞ்சரை வகுப்பிலை பிள்ளையள் நித்திரை கொள்ளுறவையோ?"

"என்ரை வகுப்பிலையோ?" அவன் சோற்றைக் குழைத்தபடி சொன்னான். "ஒருத்தரும் கொள்ளுறேல்லை. பள்ளிக்கூடத்திலைதான் கொள்ளுறவை."

"பள்ளிக்கூடத்திலை கொள்ளுறதுக்குக் காரணமே உங்கடை வகுப்பெண்டால்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நீர் என்ரை வகுப்பை மூடச் சொல்லுறீரோ?"

"மூடச் சொல்லேல்லை. அறியவேணும் போலை இருக்கு. அதுதான் கேக்கிறன்."

அவன் கோபக்காரன் இல்லை. கொஞ்ச நேரம் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு நாளைக்கு வந்து பாருமன்" என்றான். "கடைசி வாங்கிலை இரும். ஒரு பிள்ளை கண்ணை மூடினாலும் பேந்து கதைப்பம்."

கலியாணம் செய்து பன்னிரண்டு வருஷமாகியும் அவள் அவனுடைய வகுப்பை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள். தை மாதத்துப் பனி. முன்விளக்கு வெளிச்சத்தில் புகை மாதிரி ஓடியது. சுன்னாகம் தாண்டும்போதே வீதியில் சைக்கிள் சைக்கிளாகப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். காதை மூடித் துணி கட்டிக்கொண்டு, ஒருவரோடொருவர் கதைக்காமல் போனார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது போடுகிற சத்தத்தில் ஒரு துளியும் அங்கே இல்லை.

ரியூசன் கொட்டகை வாசலில் ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. லவீனாவின் தாய் மார்கிரட். பின்னால் இருந்து லவீனா இறங்கிப் போன பிறகுதான் மார்கிரட் ஆரணியை அடையாளம் கண்டாள்.

"ரீச்சரும் வந்திட்டியளோ?"

"ஓம், ஒருக்காப் பாப்பம் எண்டு வந்தனான். இனி வீட்டை போய்ப் படுப்பியளோ?"

"எங்கை ரீச்சர்? இவளின்ரை தேப்பன் கடலாலை வாற நேரம். நான் நேரை கரைக்குத்தான் போறன்." ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஆரணி கடைசி வாங்கில் இருந்தாள். தகரக் கூரை, வரிசையாக ரியூப் லைட், ஒரு பக்கம் பெடியள், மறுபக்கம் பெட்டையள். நூற்றுக்கு மேல் இருக்கும். ஜெயதீபன் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு பலகைக்கு முன்னால் போனதும் வேறு ஆளாகிவிட்டான். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன் இங்கே ஒரு சமன்பாட்டைக் கதை மாதிரிச் சொன்னான். பகிடி விட்டான், குரலை ஏற்றினான், இறக்கினான். இவன் இவ்வளவு கெட்டிக்காரனா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகளைப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. ஒரு பிள்ளையும் கண் மூடவில்லை. எல்லாப் பேனையும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அடுத்த கணக்குக்குப் போனான். ஆரணிக்குக் கணிதம் பெரிதாக வராது. ஆனால் பார்க்க வந்தவள் என்பதால் ஒவ்வொரு வரியையும் பார்த்தாள். ஒரு வரியில் ஏழுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. கீழே அடுத்த வரியில், பக்கம் மாறாமல் நின்ற அதே ஏழுக்கு முன்னால் கூட்டல் குறி. அவள் திரும்பவும் பார்த்தாள். பிழைதான். இப்போது யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். பேனைகள் ஓடின. கூட்டல் குறியை எழுதின. அடுத்த வரியையும், அதற்கடுத்ததையும் எழுதின. அவன் விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தான்.

"விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு அவன் பலகையைத் துடைக்கக் கை வைத்தான். "துடைக்காதேங்கோ" என்று ஆரணி முன்னால் போய், இரண்டு வரியையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

அவன் கிட்டப் போய்க் குறியைப் பார்த்தான். "இதை நான் படுத்திருந்துகொண்டே செய்வன். எப்பிடி விட்டனான்?"

"நீங்கள் எத்தினைக்கு எழும்பினனீங்கள்?"

அவன் துடைப்பானை மேசையில் வைத்தான். "நீர் கண்டனீர்தானே. ஏன் சொல்லேல்லை?"

"நான் பிள்ளையளைப் பாத்துக்கொண்டிருந்தனான். கண் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. வடிவாப் பாத்தனான்."

வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான், இல்லாவிட்டால் சண்டைக்கு வந்திருப்பான். ஜெயதீபனின் முகத்தில் வந்தது வேறு. கிணற்றடி மோட்டர் நின்றுவிட்டால், ஆளைக் கூப்பிடாமல் தானே கழற்றிப் பார்க்கிறபோது அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பின்னேர வகுப்பு முடிந்து வந்தவன் செருப்பைக் கழற்றாமலே சொன்னான். "இண்டைக்கு வேணுமெண்டே ஒரு பிழை விட்டனான். தரம் ஒன்பதுக்கு. அதே மாதிரிக் குறியை மாத்தி எழுதினனான். பேனையை எடுக்க முதல் ஒரு பெட்டை 'சேர், அது சய, கழித்தல்' எண்டிட்டாள்."

"அப்ப விளங்குதுதானே" என்றாள் ஆரணி.

"என்ன விளங்குது? அது வேறை பிள்ளையள். அவை கெட்டிக்காரரா இருக்கலாம். கணக்கு லேசா இருந்திருக்கலாம். அதே தரம் பத்துப் பிள்ளையளைப் பின்னேரம் இருத்திப் பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது."

அவளுக்கு அந்தப் பதில் பிடித்தது. பட்டறையில் அந்த மருத்துவரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். "அப்ப இருத்திப் பாப்பமோ?" என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்தத் தவணைக்கு மட்டும் தரம் பத்து வகுப்பு பின்னேரத்துக்கு மாறுகிறது என்று அறிவித்த அன்றே போன் அடிக்கத் தொடங்கியது. ஒருவருக்குப் பின்னேரம் ஆங்கிலம், ஒருவருக்கு விஞ்ஞானம், ஒருவருக்குச் சங்கீதம். பள்ளிக்கூடத்திலும் புகை கிளம்பியது. சுகாதார ரீச்சர் புருஷனுடைய வகுப்பையே மாற்றிவிட்டாள், நாளைக்குப் பள்ளிக்கூடத்தையும் பத்து மணிக்குத் தொடங்கச் சொல்லுவாள் என்று ஆசிரியர் அறையில் கதை. திட்டத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று எப்படியும் வைக்க வேண்டியிருந்தது. அதிபர் அதை முன்னுக்கு எடுத்தார்.

கூட்டத்தில் பிரகாஸ் என்ற தகப்பன் முதலில் எழும்பினார். வங்கியில் வேலை செய்கிறவர், மரியாதையாகக் கதைக்கிறவர்.

"ரீச்சர், நான் குறை சொல்ல வரேல்லை. ஆனால் விடியப்புறம் படிச்சால்தான் மண்டையிலை நிக்கும். நாங்கள் எல்லாம் அப்பிடித்தானே படிச்சு வந்தனாங்கள். கரண்டில்லாத நேரம் விளக்கிலை படிச்சனாங்கள். பின்னேரம் எல்லாம் வேறை வகுப்புகள் நிரம்பிக் கிடக்கு. இப்ப பிள்ளையள் கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன? சோதினை முடியட்டும், பேந்து ஆறுதலா நித்திரை கொள்ளட்டும்."

பலர் தலையாட்டினார்கள். ஆரணி உடம்பு மணிக்கூட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். கேட்டார்கள், ஆனால் அவர்கள் முகத்தில் மாற்றம் இல்லை. பிரகாஸ் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. பின்னேரத்தில் ஏற்கெனவே இடம் இல்லை. அதை அவளும் ஒப்புக்கொண்டாள்.

அப்போது மார்கிரட் கதிரையை விட்டு எழும்பாமலே கதைத்தாள். "பிள்ளையின்ரை நித்திரையைப் பற்றி எல்லாரும் கதைக்கிறியள். பிள்ளை நாலு மணிக்கு எழும்பினால் நான் மூண்டரைக்கு எழும்ப வேணும். அதுக்குத் தேத்தண்ணி வைக்க வேணும், பாணுக்குச் சம்பல் இடிக்க வேணும், இருட்டுக்கை அதைக் கொண்டுபோய் விடவேணும். போன கிழமை மாசியப்பிட்டியடியிலை ஸ்கூட்டியோடை மதகிலை ஏறிப்போட்டன். பாத்துக்கொண்டுதான் ஓடினனான். மதகு இருந்ததும் தெரியும். எப்பிடி ஏறினனான் எண்டுதான் தெரியேல்லை."

பின்னால் இருந்த ஒரு தாய், "எனக்கும் அப்பிடி வாறது" என்றாள். இன்னொருத்தி, தான் அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றபடியே உறங்கிப்போனதைச் சொன்னாள். கூட்டம் அதற்குப் பிறகு யாருடைய கையிலும் நிற்கவில்லை. தாய்மார் ஒருவரோடொருவர் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரகாஸ் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு எல்லோருக்கும் ஒத்ததாக வரவில்லை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் சுன்னாகத்தில் வேறொரு மாஸ்டரின் விடிகாலை வகுப்புக்குப் போய்விட்டார்கள். பிரகாசின் மகனும் போனான். மிச்சப் பேருக்குப் பின்னேர வகுப்பு தொடங்கியது.

முதல் இரண்டு வாரமும் ஜெயதீபன் வேண்டுமென்றே பிழை விட்டான். ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "உம்மடை மருத்துவர் வடிவாத்தான் கதைச்சிருக்கிறா" என்று நக்கலடித்தான்.

ஆரணிக்கு அது உறுத்தியது. தன் பாடவேளையில் பிள்ளைகளிடமே கேட்டாள். இப்போது எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். காலை வகுப்பு இல்லைதானே என்று போனோடு இன்னும் பிந்தி முழித்திருக்கிறார்களாம். காலையில் கிடைத்த நேரத்தை எல்லாம் இரவிலேயே விழுங்கிவிட்டார்கள். அவளுக்குச் சினம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வகுப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, பாடத்தை மட்டும் எடுத்தும் பயனில்லை. இரண்டும் சேர்ந்து இழுக்க வேண்டிய வண்டி என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. பிறகு வந்த வாரங்களில் அவள் அறிவுரையை விட்டுவிட்டு, பிள்ளைகளையே வழி கேட்டாள். ஒருவன் போனைத் தகப்பனுடைய அலுமாரிக்குள் வைப்பதாகச் சொன்னான். லவீனா, தான் தாயோடு சேர்ந்து போனை நிற்பாட்டுவதாகவும், தாய்தான் களவாக எடுத்துப் பார்ப்பதாகவும் சொன்னாள். வகுப்பு கலகலத்தது.

பங்குனி பிறந்த பிறகு ஜெயதீபன் திரும்பவும் பிழை விட்டுப் பார்த்தான். அப்போதும் ஒருவரும் சொல்லவில்லை.

"நீங்கள் கேட்டனீங்களோ?" என்றாள் ஆரணி.

"என்னத்தை?"

"பிழை கண்டவையோ எண்டு."

"கண்டால் சொல்லுவினம்தானே."

"உங்களிட்டையோ? மைக்கிலை கதைக்கிற சேரிட்டைத் தரம் பத்துப் பிள்ளை எழும்பிப் பிழை எண்டு சொல்லுமோ?"

"தரம் ஒன்பதுப் பெட்டை சொன்னவள்தானே?"

"எல்லாரும் அவளோ?"

அடுத்த வகுப்புக்கு அவளும் போனாள். வெளியே நல்ல வெயில். தகரம் அடுப்பு மாதிரிக் காந்தியது, காற்றாடிகள் சும்மா சுற்றின. பிள்ளைகள் உள்ளே வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயதீபன் ஒரு கணக்கைச் செய்து, நடுவில் குறியை மாற்றி, முடித்துக் கோடு இழுத்தான். பிறகு மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இதிலை பிழை இருக்கெண்டு கண்டவை ஆரும் இருக்கிறியளோ? பேசமாட்டன்."

முதலில் ஒரு கையும் எழவில்லை. பிறகு லவீனாவின் கை, முழங்கை அளவுக்கு மட்டும் எழுந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னொன்று. பிறகு அங்கும் இங்குமாக நிறையக் கைகள். பாதி வகுப்பு இருக்காது; ஆனால் எண்ணிப் பார்க்காமலே கன பேர் என்று தெரிந்தது.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சேர் பேந்து திருத்துவியள் எண்டு நினைச்சன்" என்றான் ஒரு பெடியன்.

"நாங்கள் எழுதேக்கை திருத்தித்தான் எழுதினனாங்கள்" என்றாள் இன்னொரு பிள்ளை.

ஜெயதீபன் பலகையில் சாய்ந்துகொண்டான். "தை மாசம் காலமை வகுப்பிலையும் இப்பிடி ஒரு பிழை விட்டனான். அது வேணுமெண்டு விட்டதில்லை. அதைக் கண்டவை ஆர்?"

கைகள் இறங்கின. லவீனா யோசித்துவிட்டு எழும்பினாள். "சேர், காலமை வகுப்பிலை என்ன எழுதினனான் எண்டு, வீட்டை போய்ப் பாத்தால்தான் எனக்குத் தெரியவாறது."

யாரும் சிரிக்கவில்லை. பல பேர் தலையை ஆட்டினார்கள். ஜெயதீபன் கடைசி வாங்கில் இருந்த ஆரணியைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். வென்றது மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள்; அப்படி இருக்கவில்லை. இத்தனை வருஷம் இருட்டில் சைக்கிள் மிதித்துவந்த பிள்ளைகள் எதை எழுதிக்கொண்டு போனார்கள் என்ற கேள்விதான் பெரிதாக நின்றது.

அன்றிலிருந்து அந்த வகுப்பு வேறு மாதிரி ஆனது. எதற்கெடுத்தாலும் "சேர், பொறுங்கோ" என்று கை எழும்பியது. சரியாக எழுதினாலும் பிழை என்றார்கள். ஒரு பாடத்தை முடிக்க இரண்டு நாள் எடுத்தது. ஜெயதீபன் வீட்டில் வந்து குறைப்பட்டான், குறைப்படும்போதே சிரித்தான்.

தவணைப் பரீட்சையில் பின்னேரப் பிள்ளைகளுக்குப் புள்ளி கொஞ்சம்தான் கூடியது. சுன்னாகத்துக்குப் போன பிள்ளைகளிலும் சிலர் நன்றாகவே செய்திருந்தார்கள். பிரகாசின் மகன் அவர்களில் ஒருவன். திட்டத்தைப் பார்க்க வந்த அந்த இளம் மருத்துவரிடம் ஆரணி இதை ஒளிக்காமல் சொன்னாள். முதல் பாடவேளையில் தலை சாய்க்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்வதையும் சொன்னாள். பிழை விட்டுப் பார்த்த கதையையும் சொன்னாள்.

மருத்துவர் கடைசிக் கதையைத்தான் இரண்டு தரம் கேட்டார். "இதை வைச்சு நாங்கள் ஒண்டும் நிறுவேலாது, ரீச்சர். கை தூக்கினவை உண்மையிலை கண்டவையோ, மற்றவையைப் பாத்துத் தூக்கினவையோ?"

"அதைத்தான் நானும் யோசிச்சன்" என்றாள் ஆரணி. "அவரும் யோசிச்சவர். இரவு முழுக்க இதைத்தான் கதைச்சனாங்கள்."

"இரவு முழுக்கவோ?" என்று மருத்துவர் கேட்டார்.

ஆரணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இல்லை, பத்து மணி வரைக்கும்தான்" என்றாள்.

தரம் பதினொன்று வகுப்பு இன்னும் ஐந்தரைக்குத்தான் நடக்கிறது. பரீட்சை கிட்டவாம், பெற்றோர் ஒருவரும் அசையவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு நாள் இடைவேளையில் ஆரணியைத் தேடி வந்து, தங்களுக்கும் பின்னேரம் கேட்டுத் தர முடியுமா என்றார்கள். சேரிடம் அவள் கேட்கலாம், ஆனால் வீட்டில் அவர்கள்தான் கேட்க வேண்டும் என்றாள். எப்படிக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் உடனே தெரியவில்லை. மணி அடித்த பிறகும் நாலு பேரும் வேப்ப மரத்தடியில் நின்று, எந்தத் தாயோடு முதலில் கதைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.